இடைவெளி இல்லாத வீடு

மனித குலம் இதுவரை பட்ட துன்பங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் இடைவெளி. இந்த உண்மையை என் அக்காவின் கணவர், புயலுக்கு முந்தைய மாலை, ஸ்டூல் மேல் நின்று பல்லால் டேப்பைக் கடித்துக்கொண்டே அறிவித்தார்.

"எறும்பு எப்படி வருது? இடைவெளி. திருடன் எப்படி வர்றான்? இடைவெளி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை எப்படி வருது?"

"நீங்க ஸ்டூல்ல ஏறினா வருது" என்றாள் அக்கா, கீழே ஸ்டூலைப் பிடித்தபடி.

அத்தானுக்கு இப்படிப் பேச உரிமை உண்டு. அவர் கண்ணாடிச் சாமான் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். அவர் ஒட்டிய பெட்டி கப்பலில் உருண்டு, கிரேனில் தொங்கி, லாரியிலிருந்து விழுந்தாலும் உள்ளே இருக்கும் டம்ளருக்குத் தூக்கம் கலையாது. வீட்டையும் அவர் ஒரு பெட்டியாகத்தான் பார்த்தார். உள்ளே மூன்று டம்ளர்கள்: அவர், அக்கா, அவர்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் நான். இதில் தங்குவது வரைக்கும்தான் உண்மை என்பது அத்தானின் கட்சி.

ஜன்னல் விளிம்புகளில் பழுப்பு டேப் இரண்டு அடுக்கு. காற்றுப் போக்கிகளில் தெர்மோகோல். வாசல் கதவின் அடியில் ரப்பர். கடைசியாகச் சமையலறை ஜன்னல் மட்டும் மிஞ்சியது.

"இதை விட்டுடுங்களேன். காத்து அடிக்கிறப்ப மூடிக்கலாம். மத்த நேரம் ஒரு விரக்கடை திறந்திருக்கட்டும்" என்றாள் அக்கா. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. ஈரக்காற்று அடித்தால் அவள் நெஞ்சுக்குள் யாரோ எண்ணெய் போடாத கதவைத் திறந்து மூடுவது போலக் கேட்கும்.

"புயல் என்ன பால்காரனா? பெல் அடிச்சு, 'அம்மா, வந்துட்டேன்'னு சொல்லிட்டு வர?"

"எனக்கு மூச்சு முட்டும்ங்க."

"உனக்குன்னு தனியா காத்து தைச்சுத் தரணுமா? இந்த வீட்ல இருக்கிற காத்தே நம்ம மூணு பேர் ஆயுசுக்கும் போதும்."

ஒட்டிவிட்டார்.

புயல் வந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக உடைந்து விழும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அத்தான் மெழுகுவர்த்தியை ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்திக் காட்டினார். "பாத்தியா மாப்ளே, அசையுதா?" அசையவில்லை. சுடர் மட்டுமல்ல, அந்த வீட்டுக்குள் எதுவுமே அசையவில்லை.

பிறகு தண்ணீர் வந்தது. வாசல் வழியாக அல்ல. அங்கே ரப்பர் இருந்தது. குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக, சொந்தக்காரர் போல உரிமையோடு வந்து, தாழ்வான கட்டிலின் காலைப் பிடித்து ஏறி மெத்தையில் படுத்தது. அத்தான் அந்தத் துளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் டேப் ஒட்டாது.

தண்ணீர் வந்த வழியே போனது. கரண்ட் வரவில்லை. கடலில் இன்னொன்று சுழல ஆரம்பித்திருப்பதாக ரேடியோ சொன்னது. வெளியில் வெயில் இல்லாவிட்டாலும் காற்று நன்றாகத்தான் இருந்தது. அத்தான் டேப்பைத் தொட விடவில்லை.

"பிரிச்சா மறுபடி ஒட்டாது. கடையில ஒரு ரோல் கூட இல்ல. அடுத்தது வந்துட்டுப் போகட்டும்."

காரணம் அது மட்டுமில்லை. உடைந்த ஜன்னல்களில் போர்வை கட்டியிருந்த எதிர்வீட்டுக்காரர் வந்து எங்கள் ஜன்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி ஒரு ஆள் எங்க வீட்லயும் இருந்திருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அது டேப் இல்லை, நினைவுச் சின்னம்.

நனைந்த மெத்தை சுவரோரம் சாய்ந்து நின்றது. துடைத்த தரை துடைத்தபடியே ஈரமாக இருந்தது. துவைத்துக் கொடியில் போட்ட துணி காயாமல் புளித்தது. கொஞ்ச நாளில் வீட்டுக்குள் நுழைந்தாலே நனைந்த சாக்கை மூக்கில் அழுத்தியது போல ஒரு வாடை. பீரோவைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தபோது, பின்சுவரில் கடுகு இறைத்தது போலக் கருப்புப் புள்ளிகள்.

"பூசணம் பிடிச்சிருச்சு" என்றாள் அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "மெத்தையைத் தூக்கி வெளிய போடுங்க. ஜன்னலைத் திறங்க. நெஞ்சை அடைக்குது."

அத்தான் பரணிலிருந்து மிச்ச பெயின்ட்டை எடுத்து அந்தச் சுவருக்கு அடித்தார். வெள்ளையாக, அழகாக இருந்தது.

"இப்ப எங்க பூசணம்?"

"உள்ள இருக்கு."

"உள்ள இருக்கிறதையெல்லாம் பாத்தா குடும்பம் நடத்த முடியுமா?"

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் தூறலில் குடை பிடித்து உட்கார்ந்தாள். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டாள். அத்தான் வெளியே தலையை நீட்டி, எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி, "வீட்டுக்குள்ள மகாராணி மாதிரி இருன்னா, வாசல்ல வாட்ச்மேன் வேலை பாக்குறா. சம்பளம் பேசிட்டியா?" என்றார். எதிர்வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல ஜோக்தான்.

அக்காவுக்கு மூச்சு குறைவு, ரோஷம் அதிகம். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அதன் பிறகு அவள் ஜன்னலைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் குடிக்கப் போன நான்தான் பார்த்தேன். சமையலறை மேடையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. உதடு நீலமாகியிருந்தது. ஒரு கையில் இன்ஹேலர். அழுத்தினால் சத்தம் மட்டும் வந்தது. இன்னொரு கையின் நகத்தால் ஜன்னல் டேப்பின் ஓரத்தைச் சுரண்டியிருந்தாள். அத்தான் ஒட்டியது. வரவில்லை.

எதிர்வீட்டுக்காரரின் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாரும் ஜோக் சொல்லவில்லை.

வராந்தாவில் கூடக் கட்டில் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு முகமூடி மாட்டி உட்கார்ந்தபடியே சாய்த்து வைத்தார்கள். டாக்டரம்மா தூங்கிப் பல நாள் ஆனவர் போலிருந்தார்.

"வீட்ல தண்ணி ஏறுச்சா?"

"ஏறுச்சு" என்றார் அத்தான்.

"எப்படிக் காய வெச்சீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சுவர்ல பூஞ்சை பிடிச்சிருக்கா?"

"பெயின்ட் அடிச்சிட்டேன் மேடம்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் அத்தானுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நுரையீரல் ரொம்ப அடி வாங்கியிருக்கு. இனிமே முன்ன மாதிரி இருக்காது. நாளன்னைக்கு இந்தக் கட்டிலை வேற ஒருத்தருக்குக் குடுத்தாகணும். தங்க வேற வீடு இருக்கா?"

"இல்ல."

"அப்ப இருக்கிற வீட்டை மூச்சு விடுற மாதிரி பண்ணுங்க. அதே வாடைக்குள்ள கூட்டிட்டுப் போனா, திருப்பி இங்க கொண்டுவர நேரம் இருக்காது."

அக்காவுக்கு மாற்றுத் துணி எடுக்க நானும் அத்தானும் வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. இத்தனை நாள் அதற்குள்தான் தூங்கி எழுந்திருக்கிறோம்.

மெத்தையைத் தூக்கினோம். கல்யாணத்துக்குப் போட்ட இலவம்பஞ்சு மெத்தை. ஈரத்தில் பிணம் போலக் கனத்தது. சுவர் பக்கம் இருந்த முகம் பச்சையும் கருப்புமாக இருந்தது. தெருமுனையில் மற்ற வீட்டு மெத்தைகளோடு போட்டுவிட்டு வந்தோம்.

அத்தான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அக்கா சுரண்டிய இடத்திலிருந்தே தொடங்கினார். டேப் சும்மா வரவில்லை. சுவரின் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு வந்தது. கத்தியை எடுத்தார். நகம் பிய்ந்து ரத்தம் வந்ததை நான் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை.

"அத்தான், ரேடியோல சாயங்காலம் அடுத்தது நெருங்கும்ங்கிறான்."

"தெரியும்டா."

"எல்லாத்தையும் பிரிச்சுட்டா எதை ஒட்டுறது?"

"காத்து வலுத்தா ஜன்னலைச் சாத்திக்கலாம். அதுவரைக்கும் காயட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "நீ போய் அவகூட இரு. தனியா இருந்தா பயப்படுவா" என்றார்.

துணிப்பையோடு நான் கிளம்பும்போது எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. சமையலறை ஜன்னலின் கொக்கி துருப்பிடித்து நிற்கவில்லை. காற்று தள்ளத் தள்ள ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது. அத்தான் ஒரு கரண்டியை எடுத்துக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினார். சரியாக ஒரு விரக்கடை. சாரல் அதன் வழியாக வந்து அவர் சட்டையை நனைத்தது. அவர் நகராமல், கரண்டி விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.