அறுபத்தொரு கிலோ

பெட்டியைத் திறக்காமல் அப்பாவுக்குப் போட ஒரு நல்ல சட்டை கிடைக்காது என்று அன்று காலையில்தான் தெரிந்தது. இருந்த இரண்டு நல்ல சட்டைகளும் ஒரு புதுப் பேண்டும் கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் அந்த நீலப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டி ஏழு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அவள் முழங்காலிட்டு அதை இழுத்தாள். பூட்டின் எண் அண்ணனுக்குத்தான் தெரியும். அவன் வந்து குனிந்து எண்களைத் திருப்பித் திறந்துவிட்டு, "அடியில இருக்கும். மேல இருக்கறதக் கலைச்சிடாத," என்றான். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மேலே அம்மாவின் குக்கர் துண்டில் சுற்றி இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு அடியிலிருந்து சட்டையையும் பேண்டையும் உருவினாள். மாடி வீட்டு அக்காவும் சித்தப்பாவும் அப்பாவுக்கு உடுத்தினார்கள். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

"பெரிய சைஸா வாங்கிட்டீங்களா?" என்று அக்கா கேட்டார்.

இல்லை, அளவு பார்த்துத்தான் வாங்கியது என்றாள் அம்மா. அக்கா தன் புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி, பேண்டின் பின்பக்கத்தை நாலு விரற்கடை இழுத்து மடித்துக் குத்தினார். படுத்திருப்பவரின் பின்பக்கம் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அண்ணனுக்கு வெளிநாட்டில் குளிர்சாதன மெக்கானிக் வேலை கிடைத்துப் பத்து மாதமாகிறது. குடும்பத்தோடு வரலாம் என்று தாளில் எழுதியிருந்தது. அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று வங்கியில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். யாருக்கும் கொடுத்துவிட வேண்டியதில்லை, ஒரு மாதம் கணக்கில் கிடந்தால் போதும். வீட்டில் நாலு பேர். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் மூன்று பேருக்கு மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு ஆளின் பணத்தைத்தான் சித்தப்பாவிடம் ஒரு மாதத்துக்குக் கேட்டார்கள். தன் பணமெல்லாம் வைப்பு நிதியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார் சித்தப்பா. அடுத்த வாரமே புதுக் கார் எடுத்தார்.

போகலாமா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. அப்பா மட்டும் ரெண்டு வருஷம் கழித்து வரட்டுமே என்று அண்ணன் ஒருநாள் சொல்லிப் பார்த்தான். அப்பா டயர் கடையில் சக்கரங்களைச் சமன் செய்கிறவர். சக்கரத்தைச் சுழல விட்டு, எந்தப் பக்கம் ஆட்டம் என்று பார்த்து, விளிம்பில் சின்னச் சின்ன ஈயத் துண்டுகளை வைத்துத் தட்டி ஆட்டத்தை நிறுத்துவது அவர் வேலை. அண்ணன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"நான் என்னடா, ஸ்டெப்னியா? டிக்கியில போட்டு வச்சுட்டு அப்புறம் எடுத்துக்கறதுக்கு?"

அப்புறம் சிரிப்பை நிறுத்தி, போனால் நாலு பேரும் போவது, இல்லாவிட்டால் இங்கேயே கிடப்பது என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் கையில் கொண்டு போகிற சாமானை அங்கே வாங்க வேண்டியதில்லை, அந்தக் காசு மிச்சம் என்று அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்தாள். முடிவாகாத பயணத்துக்குப் பெட்டி மட்டும் தயாரானது. மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பதில் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது, அங்க போய்ப் படிச்சுக்கலாம். அம்மாவின் பல் வலிக்கு, அங்க போய்ப் பாத்துக்கலாம். அப்பாவின் இருமலுக்கும் அதுதான்.

புதன்கிழமை லாரிச் சக்கரம் ஒன்றை உருட்டும்போது அப்பா கடையிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எடை பார்த்த நர்ஸ் ஐம்பத்தேழு என்று சொல்லி எழுதினார். அவள் வாய் திறந்து பேசுகிற பெண் இல்லை. ஆனாலும் அன்றைக்கு, "இல்ல சிஸ்டர், அறுபத்தொண்ணு. ஞாயித்துக்கிழமதான் பாத்தேன். எழுதி வச்சிருக்கேன்," என்றாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுதியதை மாற்றவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், ரெண்டு நுரையீரலிலும் நோய் பரவாத இடம் மிச்சமில்லை, குறைந்தது ஆறு மாதமாக இருந்திருக்கும் என்றார்.

"ஆறு மாசமா ஒரு ஆள் வீட்டுக்குள்ளயே கரைஞ்சிருக்கார். ஒருத்தர் கூடவா பாக்கல?"

அவளுக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் படவில்லை. அந்த வீட்டில் அப்பாவை அவளைப் போல் யார் பார்த்தார்கள்? வாரம் தவறாமல் பார்த்து எழுதியிருக்கிறாள். ஆஸ்பத்திரி இயந்திரம் பழுது என்றுதான் வெள்ளிக்கிழமை விடிகாலை அப்பா மூச்சு நிற்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு அப்பாவை எடுத்துப் போனார்கள். போனவர்கள் திரும்பியபோது மூன்றாகிவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, கடைசியில் சித்தப்பாவும் மாடி வீட்டு அக்காவும் மிஞ்சினார்கள். சித்தப்பா நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமைதானே ஃபைல் கொடுக்கக் கடைசி நாள் என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினான்.

"மனசத் தேத்திக்க. ஒரு விதத்துல பாத்தா இப்ப கணக்கு சரியா வருது. மூணு பேருக்குப் பணம் இருக்குல்ல? எங்கண்ணன் போகும்போதும் உங்களுக்கு ஒரு வழி விட்டுட்டுத்தான் போயிருக்காரு."

அண்ணன் மறுத்துச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். அவன் அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே போட்டிருப்பான். அவளும்தான் போட்டிருந்தாள். காலையில் பெட்டியிலிருந்து சட்டையை உருவும்போது, வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க, மூன்று என்ற எண் தானாக வந்து நின்றது. கணக்கு சரியாக வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு மாதம் கணக்கில் கிடப்பதற்குக் கிடைக்காத ஒரு ஆளின் பணத்துக்கு ஈடாக ஒரு ஆளே போக வேண்டியிருந்தது. இதைப் போய் வழி என்கிறார். வெள்ளைச் சட்டை போட்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொல்கிறார்.

"பாப்பா, உன் கையெழுத்துதான நல்லாருக்கும்? ஃபாரத்துல நாலுன்னு இருக்கறத மூணுன்னு புதுசா எழுதிடு," என்றார் சித்தப்பா.

அவள் எழுந்து அறைக்குள் போனாள்.

உள்ளே அக்கா அப்பாவின் துணிகளை எடுத்து ஒரு பழைய போர்வையில் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணெதிரே கிடந்தால் அம்மாவுக்குக் கஷ்டம், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழுப்புப் பேண்டை ஒரு கையால் இழுத்தவர், அது பிடியிலிருந்து நழுவித் தரையில் தொம்மென்று விழுந்ததும் பின்வாங்கினார்.

"என்னடி இது, கல்லு மாதிரி கனக்குது?"

அவள் அந்தப் பேண்டைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பேண்ட்.

பெட்டியை எடை போடுவது அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஆகியிருந்தது. அப்பா பழைய சாமான் கடையில் ஒரு முள் எடை மெஷின் வாங்கி வந்திருந்தார். பெட்டியை அதன் மேல் வைத்தால் முள் மறைந்துவிடும். அதனால் அப்பா பெட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு ஏறி நிற்பார். அவள் கீழே உட்கார்ந்து முள்ளைப் பார்த்து எழுதுவாள். பிறகு அவர் பெட்டியை வைத்துவிட்டு வெறுமனே நிற்பார். அதையும் எழுதுவாள். மேலதிலிருந்து கீழதைக் கழித்தால் பெட்டியின் எடை. விமானத்தில் முப்பது கிலோவைத் தாண்டக் கூடாது. குக்கர் மட்டும் மூன்றரை, அதை வைப்பதா எடுப்பதா என்று அம்மாவுக்கும் அண்ணனுக்கும் வாராவாரம் சண்டை. அங்கே குக்கர் யானை விலை என்பாள் அம்மா. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் எதையாவது எடுத்து எதையாவது வைத்து மறுபடி எடை.

வீட்டில் கைலியோடு இருக்கிற அப்பா, எடை போடுவதற்கு மட்டும் குளியலறைக்குள் போய் இந்தப் பேண்டை மாட்டிக்கொண்டு மெல்ல நடந்து வருவார். எதற்கு என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"மெஷின் மேல ஏறுறதுன்னா சும்மாவா? மரியாதையா ஏற வேணாமா?"

அவள் கீழே உட்கார்ந்து பேண்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்தாள். பைக்குள் பை வைத்துத் தைத்திருந்தது. டயர் தைக்கிற கறுப்பு நூல், கோணல் மாணலான பெரிய தையல். கத்தரிக்கோலால் வெட்டினாள். இரண்டு துணி முடிச்சுகள். சத்தம் வராமல் இருக்க இறுக்கிச் சுற்றியிருந்தது. பிரித்தபோது உள்ளே ஈயத் துண்டுகள், சக்கரத்து விளிம்பில் ஒட்டுகிறவை, வரிசையாக அடுக்கியிருந்தன.

எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். இரண்டு முடிச்சுகளையும் அதன் மேல் வைத்தாள். முள் நாலில் நின்றது.

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள். பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், கோடு, கோட்டுக்குக் கீழே விடை. விடையை மட்டும் ஒவ்வொரு வாரமும் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். முதல் தடவையாக நடு எண்ணை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தாள். முதல் சில வாரங்கள் அறுபத்தைந்து. பிறகு அறுபத்து மூன்று. அறுபத்தொன்று. அதன் பிறகு எல்லா ஞாயிறும் அறுபத்தொன்று, அறுபத்தொன்று, அறுபத்தொன்று. அது நிலையாக நிற்கத் தொடங்கிய தேதியும் அவளுக்குத் தெரியும். அந்த வாரம்தான் விசா ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, ஒருத்தர் மெடிக்கல் டெஸ்டில் தேறாவிட்டாலும் மொத்த ஃபைலும் போச்சு, யாரும் டாக்டர் சீட்டு அது இது என்று வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அப்பா பயந்திருக்கிறார். அதற்காகக் கடையிலிருந்து ஈயம் கொண்டு வந்து, உட்கார்ந்து தைத்து, வாராவாரம் தேய்ந்ததற்குத் தக்கபடி ஒவ்வொரு துண்டாகக் கூட்டி, முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அவளோ அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் பெட்டியை. நுரையீரலில் இடமில்லாத மனிதர் முப்பது கிலோ பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்றபோது, சீக்கிரம் பாத்துச் சொல்லும்மா என்று அவர் மூச்சு வாங்கியபோது, ஆடாதீங்கப்பா, முள் ஆடுது என்று அதட்டியிருக்கிறாள். முப்பது வயது அண்ணன் பக்கத்தில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நோட்டையும் முடிச்சுகளையும் மெஷினையும் கூடத்துக்குக் கொண்டு போய் சித்தப்பாவின் காலடியில் வைத்தாள். அவர் என்ன என்று கேட்க, நோட்டை விரித்து அண்ணன் மடியில் போட்டாள். நடு எண்களின் மேல் விரலை வைத்துக் கீழே வரை இழுத்தாள். பிறகு ஈயத்தைக் காட்டினாள். அண்ணன் எண்களைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. கழித்துப் பார்க்கிறான்.

"ஐம்பத்தேழு," என்றாள் அவள். "சிஸ்டர் சரியாத்தான் எழுதினாங்க."

அம்மா துணி முடிச்சைக் கையில் எடுத்தாள். அது அவளுடைய பச்சைப் புடவையின் கரை. அந்தப் புடவையை நாலு மாதமாகத் தேடியிருந்தாள். மாடி வீட்டு அக்கா வீட்டுத் துணியோடு போய்விட்டதென்று ஒரு சின்ன மனஸ்தாபம் கூட வந்தது. அம்மா கரையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். பாவம், விவரம் தெரியாத மனுஷன், வெள்ளந்தி, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம், ஃபாரம் என்று மறுபடி ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாரே சித்தப்பா," என்றாள் அவள். "ஒரு மாசத்துக்குன்னு கேட்டாரே. வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டாரே. உள்ள வாங்கன்னு கூட நீங்க சொல்லல."

"பாப்பா, பெரியவங்க பேசும்போது..."

"இருங்க தம்பி," என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். "அவரு வழி விட்டுட்டுப் போனாருன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க. நாங்க போறோம். மூணு பேருன்னு நானே எழுதிக்கறேன். அது எங்க பாடு. நீங்க உங்க காரை எடுங்க."

சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வாசலில் செருப்புத் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு கார்க் கதவு.

அவள் அறைக்குள் போய் முடிச்சுகள் இரண்டையும் மறுபடி இறுக்கிக் கட்டினாள். நீலப் பெட்டியில் அப்பாவின் சட்டையும் பேண்டும் இருந்த இடம் குழியாகத் தெரிந்தது. அதில் வைத்து அழுத்தினாள். குக்கரைத் துண்டோடு மேலே வைத்து மூடினாள்.

பின்னாலேயே வந்த அண்ணன், "முப்பதத் தாண்டும்," என்றான்.

"தெரியும்."

அவன் கூடத்திலிருந்து மெஷினை எடுத்து வந்து போட்டு, பெட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு அதன் மேல் ஏறினான். அவள் கீழே உட்கார்ந்து முள் நிற்கும்வரை காத்திருந்தாள். நூற்று ஐந்தரை. அவன் பெட்டியை வைத்துவிட்டு வெறுமனே நின்றான். எழுபத்திரண்டு. இரண்டையும் எழுதினாள். இந்த முறை நடு எண்ணுக்குக் கீழேதான் முதலில் கோடு போட்டாள்.

"முப்பத்து மூணரை," என்றாள்.

அம்மா நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, குக்கரை எடுத்துத் தரையில் வைத்தாள்.