விளக்கு வைக்கும் நேரத்து மவுஸ்

மவுஸ் மறுபடியும் மக்கர் செய்தது. குணமதி அதை உருட்டினாள், தட்டினாள், கவிழ்த்துப்போட்டு அதன் வயிற்றைப் பார்த்தாள். அம்புக்குறி புதிய கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது. பழையதின் பக்கம் தள்ளினால் திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் வேடியப்பன் வைத்திருந்த டி.டி.பி. கடை அது. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் குணமதி உட்கார்ந்திருப்பாள். தமிழ் எழுத்தெல்லாம் பழையதில் இருந்தது. அதைப் புதியதற்கு மாற்ற வழியில்லை. வண்ணமும் பிரிண்டரும் புதியதில். நாள் முழுக்க அங்கும் இங்கும் திரும்பித் திரும்பித் தோள்பட்டை விட்டுப்போனதால், சர்வீஸ் செய்யும் அறிவுச்செல்வன் ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தான். ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். ஒரு திரையின் ஓரத்தைத் தாண்டினால் அம்புக்குறி அடுத்த திரைக்குத் தாவிவிடும். இரண்டையும் இணைக்கும் கேபிள், முன்பக்கக் கல்லாவுக்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பெட்டி வழியாகப் போயிற்று.

காலையில் எல்லாம் மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கும். பொழுது சாயும்போது பார்த்து இணைப்பு அறுந்துபோகும். அறுந்தால் பழைய கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். அதை அணைத்து, மறுபடி உயிர் கொடுத்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் வெளியே இருட்டியிருக்கும்.

இருட்டினால் என்ன என்று கேட்கலாம். குணமதி சமண வீட்டுப் பெண். பொழுது போனபிறகு அவர்கள் வீட்டில் யாரும் வாயில் எதுவும் போட்டுக்கொள்வதில்லை. வேங்கிக்கால் வீட்டுக்கு பஸ் பிடித்துப் போய்ச் சேரவே இருட்டிவிடும் என்பதால், ராத்திரிச் சாப்பாட்டையும் ஒரு டப்பாவில் கொண்டுவந்துவிடுவாள். இந்த ஒரு பக்கத்தை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைப்பாள். அந்த நேரம் பார்த்து மவுஸ் நிற்கும். டப்பா மூடியபடியே வீடு திரும்பும்.

போன மாதம் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தாள். அதிலிருந்து அவள் கணவன் ஜினதாசன் தினமும் டப்பாவைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டான். இன்று காலை முடிவாகச் சொல்லிவிட்டான். "இன்னிக்கும் டப்பா ரொம்பியே வந்துச்சின்னா, நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போவேணாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அவள் கோத்த எழுத்து ஊரெல்லாம் கல்யாணப் பத்திரிகையாகப் போகிறது என்கிற சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

காரணம் தேடாமலும் இல்லை. அறிவுச்செல்வன் காலையில் வருவான். கேபிளை மாற்றினான், வைரஸ் பார்த்தான், என்னென்னவோ நம்பர்களைத் தட்டினான். "நல்லாத்தானே போவுதுக்கா" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். வேடியப்பனுக்கு அந்த யோசனையும் தேவைப்படவில்லை. "சாயங்காலமானா ஊருக்கே கரண்டு கம்மிம்மா. மவுசுக்கு மட்டும் ஜாஸ்தியா வருமா?"

இன்று கல்யாணப் பத்திரிகைக்காகக் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். குணமதி பழைய கம்ப்யூட்டரை அணைக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். போதும் என்று தோன்றியது. நாளையிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிடலாம் என எழுந்து முன்பக்கம் போனாள். இத்தனை மாதத்தில் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் இந்தத் தடுப்பைத் தாண்டியதே இல்லை. கற்பூர வாசனை வந்தால் இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

வேடியப்பன் தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டுத் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தார். சாமி படத்தைச் சுற்றி சீரியல் பல்பு மினுமினுத்தது. கல்லாவுக்குக் கீழே சின்னப் பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. அதன் பிளக் தரையில் கிடந்தது.

"அண்ணா, இத யார் புடுங்கனது?"

"நான்தாம்மா. லைட்டு போட வேற ஓட்டை இல்ல. இது சும்மா தொங்கிக்கினு கெடக்குது. கற்பூரம் காட்டிட்டுத் திருப்பி சொருவிடுவேன். தெனமும் அப்படித்தான்."

"தெனமுமா?"

"வெளக்கு வெக்காம இருக்க முடியுமா?"

குணமதிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அது சும்மா தொங்கலண்ணா. என் ராத்திரி சாப்பாடே அதுலதான் தொங்கிக்கினு இருக்குது!" என்று கத்திவிட்டாள். அதன்பிறகு இருட்டினால் சாப்பிடாத வழக்கம், டப்பா, மயக்கம், ஜினதாசன் சொன்னது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

வேடியப்பன் தீப்பெட்டியைக் கீழே வைத்தார். "தெனம் வெளக்கு வெச்சப்பறம் பஜ்ஜி வாங்கியாந்து குடுப்பேன், வேணான்னு தள்ளிடுவே. கர்வம் புடிச்ச பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்தேனே" என்றார். குனிந்து சீரியல் பல்பைப் பிடுங்கிவிட்டு, கீழே கிடந்த பிளக்கைச் சொருகினார். சாமி படம் இருட்டிப்போயிற்று.

"வெளக்கு காத்திருக்கும். போய் டப்பாவ எடுத்தாந்து இங்கியே உக்காந்து சாப்புடு." பிறகு பெஞ்சில் காத்திருந்தவரைப் பார்த்து, "கொஞ்சம் இருப்பா, அந்தம்மா சாப்புடட்டும்" என்றார்.

கல்லாவின் ஓரத்தில் உட்கார்ந்து, எதிர்க்கடை மாடியில் மிச்சமிருந்த வெயிலைப் பார்த்தபடி குணமதி எலுமிச்சைச் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டாள். ஆறிப்போயிருந்தது. ருசி தெரியவில்லை. மாடியை விட்டு வெயில் போனபோது டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இப்ப ஏத்துங்கண்ணா" என்றாள்.

பத்திரிகையை முடித்து வீடு போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஜினதாசன் வாசலிலேயே டப்பாவை வாங்கித் தூக்கிப் பார்த்தான். மூடியைத் திறக்கவில்லை.

"பாதிதானே?" என்றான்.

"பாதி" என்றாள். வேறு எதையும் விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. சுருண்டு படுத்துக்கொண்டாள்.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தாள். டப்பாவை ஜினதாசனே கழுவி, சாதம் போட்டு, அவள் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.