பதினோரு கோப்புகள்

மருத்துவமனையின் பதிவு அறையில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். இருக்கட்டும். ஒரு கோப்பு இடம் மாறினாலும் எனக்குப் பொறுக்காது. ஆறு வருடக் கல்லீரல் அறுவைகளை ஒரே அட்டவணையாக்கியது நான்தான். இடது பக்கம், துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்தவை: ஐம்பத்தொன்று, சாவு ஒன்றுகூட இல்லை. வலது பக்கம், வயிற்றைத் திறந்து செய்தவை: எண்பது, ஏழு சாவு. அறுவை மருத்துவர் அதைக் கூட்டத்தில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அதே அட்டவணையைத்தான் தம்பியிடமும் நீட்டினேன். அவன் பெயின்டர். மூன்றாவது மாடி வெளிச்சுவரில் கயிற்றில் தொங்குவான், ஊசியைக் கண்டால் ஓடுவான். கல்லீரலில் கட்டி என்றதும், "வயித்தைக் கிழிக்க விடமாட்டேன், செத்தாலும் சரி" என்று ஒரே பிடிவாதம்.

"டேய், கிழிக்கறது இல்லடா. நாலு ஓட்டை. பாரு, ஒருத்தர்கூடச் சாகல."

"இது நீ எழுதினதாக்கா?"

"நானேதான்."

"அப்ப சரி" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதற்குப் பதில் வேலையாவது பார்க்கலாம் என்று என் அறைக்கு வந்தேன். வலது பக்கத்தில் ஒருவருக்கு எவ்வளவு ரத்தம் ஏற்றினார்கள் என்பது விடுபட்டிருந்தது. அந்தக் கோப்பைப் பிரித்தேன். அறுவைக் குறிப்பின் முதல் வரியில், 'நான்கு துளைகள் போடப்பட்டன' என்றிருந்தது.

திறந்து செய்ததற்கு எதற்குத் துளை? கீழே வாசித்தேன். துளை போட்டுத்தான் தொடங்கியிருக்கிறார்கள். பாதியில் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து, அவசரமாக வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஆள் இல்லை. அந்தச் சாவைத் திறந்த பக்கம் போட்டது யார்? நான்தான். 'எப்படி முடிந்ததோ அதன்படி எழுது' என்பது நானே போட்ட விதி. ஒரு கோப்பு இரண்டு இடத்தில் நிற்கக் கூடாதாம்! எப்படித் தொடங்கியது என்று ஒரு நாளாவது கேட்டேனா, பாவி!

கம்ப்யூட்டரில் வலது பக்கத்தார் எல்லோருடைய அறுவைக் குறிப்பிலும் 'துளை' என்று தேடினேன். பதினோரு கோப்புகள் வந்து நின்றன. அதில் நான்கு பேர் உயிரோடு இல்லை. கட்டி எங்கே இருந்தது என்று பார்த்தேன். ஒன்பது பேருக்குக் கல்லீரலின் பின்பக்கம். தம்பிக்கும் பின்பக்கம்தான்.

படியேறி ஓடினேன். அறுவை அறை வாசலில் நர்ஸ் மறித்தாள். "மேடம், செருப்போட வராதீங்க!"

"கத்தி வெச்சாச்சா?"

"இன்னும் இல்ல. மயக்கம் குடுத்தாச்சு, இப்பதான்..."

"டாக்டரைக் கூப்பிடுன்னு சொல்றேன்ல!"

அவர் ஈரக் கைகளை உயர்த்தியபடி வந்தார். மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பதினொண்ணும் என் கைதான்" என்றார். "ஒவ்வொருத்தர் முகமும் ஞாபகம் இருக்கு. அவங்களுக்கு அப்புறம் பின்பக்கம்னா நேரா திறந்துட்டுதான் இருந்தேன். உங்க அட்டவணையைப் பார்த்ததும், நம்ம கை நல்லாதான் இருக்குன்னு நினைச்சுட்டேன்."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"திறந்துதான் பண்ணணும். தேவைப்பட்டா திறக்கலாம்னும் சேர்த்துதான் உங்க தம்பி கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அவனுக்கு அது தெரியாது டாக்டர். படிச்சுப் பயப்படாதே, போடுன்னு நான்தான் சொன்னேன்." அவருக்கு வழி விடாமல் நின்றேன். "திறந்தா பொழைச்சுடுவானா?"

"நீங்க இப்ப எண்ணினது என்ன சொல்லுது?"

"திறந்தே தொடங்கின அறுபத்தொம்பது பேர்ல மூணு பேர் போயிட்டாங்க."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு முறை ரத்தப் பைகளோடு நர்ஸ் உள்ளே ஓடினாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண் விழித்ததும் தம்பி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பான். விலாவுக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தையல் இருக்கும். "ஓட்டைன்னு சொல்லித்தானேக்கா கூட்டிட்டு வந்தே?" என்பான். அதற்கப்புறம் ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்காமல் போகட்டும். கண்ணைத் திறந்து அதை மட்டும் கேட்டுவிடட்டும்.