கோப்பை வந்தால் கல்யாணம்

செப்டம்பரில் நடந்த முதல் லீக் ஆட்டத்திலேயே லிமரிக் ரக்பி அணி சொந்த மைதானத்தில் நாற்பத்தொரு புள்ளி வாங்கிக் கட்டிக்கொண்டது. பதிலுக்கு எடுத்தது மூன்றே மூன்று. போதாததற்கு மழை. கிழக்குப் பக்கம் நின்று பார்க்கிறவர்களுக்கான படிகளில், ஏழாம் படியில், இரும்புக் கம்பிக்கு இடப்புறம் பிலோமினா, வலப்புறம் மாலக்கி. பத்தொன்பது வருடங்களாக இருவருக்கும் இதே இடம்தான்.

"நம்ம ஆயுசுல இவனுங்க ஒரு கோப்பையைக் கண்ணுல காட்டுவானுங்களாய்யா?" என்றாள் பிலோமினா.

மாலக்கி தொப்பியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினான். "இவனுங்க எந்தக் கோப்பையை ஜெயிச்சாலும் சரி, உன்னை நான் கட்டிக்கிறேன் பிலோ" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பிலோமினாதான். ஆறாம் படியில் நின்ற கோல்மன் மட்டும் சிரிக்காமல் திரும்பிப் பார்த்தான். கோல்மனுக்குத் தபால்காரன் வேலை. செவ்வாய்க்கிழமைக்குள் விஷயம் வீட்டுக்கு வீடு பட்டுவாடா ஆகிவிட்டது.

மாலக்கிக்கு ஐம்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகாதவன். இறந்தவர்களை வழியனுப்பி வைக்கும் நிலையத்தில் வேலை பார்த்ததால் அவன் பேச்சு எப்போதும் கிசுகிசுப்புதான். மைதானத்திலும் ஒரு உத்தியோகத்தைத் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க ஒருவன் வந்து நின்றால், நம்மவனோ எதிரியோ, லிமரிக் கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். பன்னிரண்டாயிரம் பேர் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். இந்த ஊருக்கு அது ஒரு மானப் பிரச்சினை. ஏழாம் படியைச் சுற்றி அந்த மானத்துக்குக் காவல் மாலக்கிதான். ஒரு தடவை பிஷப் தும்மியதற்கே திரும்பி முறைத்தவன்.

பிலோமினாவுக்கு ஐம்பத்தேழு. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். கணவன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவள் "பிரேக்கைப் போடு!" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிற வண்டியும் நிற்கும். அப்படிப்பட்டவள் அன்று வீட்டுக்குப் போய், நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். மாலக்கி விளையாட்டுக்குச் சொன்னான், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. இந்தப் பாழாய்ப்போன அணியை நம்பி இந்த வயதில் இப்படி ஒரு ஆசையா என்று அவளுக்கே கோபம் கோபமாக வந்தது.

பார்த்தால், பாழாய்ப்போன அணி அடுத்த வாரம் ஜெயித்தது. அதற்கடுத்த வாரமும். அக்டோபர் முடிவதற்குள் ஐந்து வெற்றி. பல நாட்டு அணிகள் ஆடுகிற லீக் அது. வேல்ஸுக்குப் போய் ஜெயித்தார்கள், பனியில் வழுக்கிக்கொண்டு ஸ்காட்லாந்தில் ஜெயித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டப்ளின்காரர்களை அவர்கள் ஊரிலேயே வைத்துப் புரட்டி எடுத்தபோது லிமரிக்கில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, கல்யாணக் கோட்டு தைக்கக் குடுத்தாச்சா?" என்று கோல்மன் ஆரம்பித்தான்.

"அவருக்கு எதுக்குடா புதுக் கோட்டு? கறுப்புல ஒன்பது வெச்சிருக்காரு" என்றாள் பிலோமினா.

"ஊர்வலத்துக்கு வண்டிகூடச் சொந்த வண்டிதான் அக்கா. நல்ல நீளம். ஆனா படுத்துக்கிட்டுப் போகணும்."

"வாயை மூடுங்கடா, உதைக்க வந்துட்டான்" என்று கிசுகிசுத்தான் மாலக்கி. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

ஊரே சேர்ந்துகொண்டது. ரொட்டிக் கடைக்காரி கேக்குக்கு எத்தனை அடுக்கு என்று கேட்டாள். வண்டி பழக வந்த ஒரு பையன், "மிஸ், அரையிறுதி ஜெயிச்சா நிச்சயதார்த்தமா?" என்று கேட்டுத் தொலைத்தான். அவனை ஏழு தடவை வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வைத்தாள். எட்டாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஐரோப்பியக் கோப்பையிலும் அணி காலிறுதி வரைக்கும் போனது. ஏப்ரலில் பிரான்ஸில் ஆட்டம். லிமரிக்கில் ஒரு பப்பில் மத்தியானமே தொலைக்காட்சி முன்னால் கூடினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நம் பையன்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஐம்பத்தாறு புள்ளி வித்தியாசம். கடைசி விசில் ஊதியதும் மாலக்கி நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா!" என்றான்.

பிலோமினா அதைக் கேட்டாள். முன்னால் இருந்த கறுப்பு பியரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோட்டை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட பிலோ?"

"வீட்டுக்கு. இனி பார்க்க என்ன இருக்கு?"

ஆற்றுப் பாலம் வரைக்கும் வேகமாக நடந்தாள். அப்பாடாவாம்! தப்பித்தேன் என்றுதானே அர்த்தம்? ஊர் கேலியில் இவளும் சேர்ந்து சிரித்து, சிரிப்புக்கு நடுவே எதையோ நம்பித் தொலைத்திருக்கிறாள். அவமானத்தில் அவளுக்குக் கண் எரிந்தது. ஆனால் இடம் மாறி நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தொன்பது வருட இடத்தை எந்த ஆம்பளைக்காகவும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அடுத்த ஆட்டத்தில் மாலக்கி வழக்கம்போலக் கையை நீட்டினான். "என்ன பிலோ, சாண்ட்விச் கொண்டாரலையா?"

"கொண்டாந்திருக்கேன். எனக்கு."

அவன் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டான்.

லீக்கிலோ அணி விடாமல் மேலே மேலே போனது. கடைசிச் சுற்றில் அணி தோற்றது. ஆனால் ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றால் பட்டியலில் ஆறுதலாக ஒரு புள்ளி கொடுப்பார்கள். சரியாக ஏழில் தோற்று, அந்த ஒற்றைப் புள்ளியில் பட்டியலின் உச்சிக்குப் போனார்கள். உச்சியில் இருப்பவர்கள் ஊரில்தான் இறுதி ஆட்டம் நடக்கும். தோற்றதற்காக ஒரு ஊர் கார் ஹாரனை அடித்துக்கொண்டு ஊர்வலம் போனது அன்றுதான். காலிறுதி, அரையிறுதி இரண்டையும் சொந்த மைதானத்திலேயே முடித்துக்கொண்டு, ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயிலில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அணிக்கு எதிரே இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள்.

மாலக்கி சவரம் செய்த இடத்தில் மூன்று வெட்டுக்காயம். கறுப்பு இல்லாமல் நீலத்தில் ஒரு டை கட்டியிருந்தான். பிலோமினா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

"அண்ணே, இன்னைக்குத் தீர்ப்பு!" என்றான் கோல்மன்.

"ஏன்டா, அவருக்குத் தண்டனையா?" என்றாள் பிலோமினா சுள்ளென்று. மாலக்கி அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். அதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

அது ஆட்டமா, திருவிழாவா! முதல் பத்து நிமிடத்தில் தென்னாப்பிரிக்கா இரண்டு தடவை பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டியது. நம் பையன்கள் மூன்று தடவை தாண்டினார்கள், ஒரு தடவை எட்டுப் பேர் ஒரே குவியலாக உருண்டே போய்ச் சேர்ந்தார்கள். பிலோமினா கோபத்தை மறந்தாள், தொண்டையைத் தொலைத்தாள், கோல்மன் தலையில் குத்தினாள். எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் லிமரிக் இருபத்தொன்று, தென்னாப்பிரிக்கா பத்தொன்பது. இன்னும் ஒரே நிமிடம்.

அப்போது நடுவர் விசிலை ஊதித் தென்னாப்பிரிக்கா பக்கம் கையைத் தூக்கினார். பெனால்டி. பந்து கம்பத்துக்கு நடுவே போனால் அவர்களுக்கு மூன்று புள்ளி, கோப்பை அவர்களுக்கு. போகாவிட்டால் நமக்கு.

உதைப்பதற்கு ஒரு நெட்டைப் பையன் வந்தான். பந்தை நிறுத்திவைத்து நாலடி பின்னால் போனான். பன்னிரண்டாயிரம் பேரும் அப்படியே அடங்கினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் வாயில் யாரோ பிஸ்கட்டைத் திணித்தார்கள். கொடி படபடப்பது கேட்டது. பிலோமினா இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இவன் உள்ளே உதைத்தால் பக்கத்தில் இன்னொரு அப்பாடா வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

பையன் மூச்சை இழுத்தான். ஓட ஆரம்பித்தான்.

"வெளிய உதைடா கண்ணா! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

வாழ்நாளில் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்த குரல் அது. மைதானத்தின் கூரையில் மோதித் திரும்பி வந்தது. பன்னிரண்டாயிரம் தலைகளும் ஏழாம் படியை நோக்கித் திரும்பின. அங்கே மாலக்கி, கையைக் கூப்பியபடி, திறந்த வாயோடு நின்றிருந்தான்.

பையன் ஒரு நொடி தடுமாறினான். ஆனாலும் உதைத்தான். பந்து இடது கம்பத்தில் டங்கென்று அடித்து, உள்பக்கமாக விழுந்தது. இருபத்திரண்டு, இருபத்தொன்று. விசில்.

தென்னாப்பிரிக்கர்கள் துள்ளிக் குதித்தார்கள். லிமரிக்காரர்கள் தோல்வியைக்கூடப் பார்க்கவில்லை, மாலக்கியைப் பார்த்தார்கள்.

"அண்ணே... நீங்களா?" கோல்மனுக்கு அழுகையே வந்துவிட்டது. "பிஷப்பையே முறைச்ச ஆளு, நீங்களா?"

மாலக்கிக்குப் பழையபடி கிசுகிசுப்புதான் வந்தது. "மானத்தை வாங்கிட்டேன். கோப்பையும் போச்சு. மன்னிச்சுக்க பிலோ."

பிலோமினாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோப்பை போன துக்கம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது, அவளும் லிமரிக்காரிதானே. ஆனால் அதற்கு மேலே என்னவோ குமிழி குமிழியாகப் பொங்கி வந்தது.

"யோவ், ஏப்ரல்ல தோத்தப்போ அப்பாடான்னியே, எதுக்குய்யா?"

"அம்பத்தாறு புள்ளி வித்தியாசம் பிலோ! ஆட்டம் முடிஞ்சுதேன்னு இருந்துச்சு. வேற எதுக்குச் சொல்லுவாங்க?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை, விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள்.

"அடுத்த சீசன்ல கண்டிப்பா ஜெயிச்சுருவாங்க" என்றான் மாலக்கி, அவளைச் சமாதானப்படுத்துகிறவன்போல. "அதுவரைக்கும்..."

"அதுவரைக்குமா? இவனுங்களை நம்பி நான் உட்கார்ந்திருக்கணுமா? ஆகஸ்ட்ல வெச்சுக்கலாம். அப்போ சீசன் இருக்காது."

மாலக்கியின் முகத்தில் வெயில் அடித்தது. பிறகு நெற்றி சுருங்கியது. "ஆகஸ்ட் கடைசியில பயிற்சி ஆட்டம் ரெண்டு இருக்குமே பிலோ."

"அப்போ முதல் வாரம்."

கோல்மன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கம்பியின் மேல் ஏறி நின்று, அவனுக்கே உரிய முறையில், விஷயத்தை மைதானம் முழுக்கப் பட்டுவாடா செய்தான். ஒரு நிமிடம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்புறம் கிழக்குப் படிகளில் கிளம்பிய கூச்சல் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது. கீழே கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிய தென்னாப்பிரிக்க அணித் தலைவன், தோற்றவர்கள் எதற்கு இப்படி ஆடுகிறார்கள் என்று புரியாமல், எண்ணற்ற அந்தச் சிவந்த முகங்களுக்குக் கோப்பையை இன்னொரு தடவை தூக்கிக் காட்டினான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. பிலோமினா மாலக்கியின் நீல டையைப் பிடித்து இழுத்து, ஊர் பார்க்க, அவனை முத்தமிட்டுக்கொண்டிருந்தாள்.