நூறு எண்ணும் வரை

முப்பத்தி நாலு என்று சொல்லும்போது உள்ளே இருமல் நின்றது.

ஆவுடையம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. விடிந்ததிலிருந்து இருமித் தள்ளிய மனுசனுக்கு இப்போதாவது நெஞ்சு இளகியதே என்று நினைத்துக்கொண்டு, முப்பத்தஞ்சு, முப்பத்தாறு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே போனாள். பின்வாசல் தாழ்வாரத்தில் திரி ஸ்டவ் சிறு தீயில் எரிந்தது. அதன் மேல் இரும்புச் சட்டியில் இரண்டு முட்டைகள் மூடிக்குள் வெந்துகொண்டிருந்தன. மூடி போட்ட பிறகு நூறு எண்ண வேண்டும், எண்ணி முடிக்கிற வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. இது அடுத்த வீட்டுத் தங்கபாய் போட்ட சட்டம். ஐந்து மாதமாக ஆவுடையம்மாள் அதை மீறியதில்லை.

தொண்ணூற்றொன்பதில் நிறுத்தினாள். நூறு அவருடையது. கட்டிலில் கிடந்தபடியே பிரமநாயகம் அதைச் சொல்லுவார், அதற்குப் பிறகுதான் இவள் மூடியைத் திறப்பாள். நடுவில் ஓர் எண் தவறிவிட்டால், "எழுவத்தெட்டை முழுங்கிட்டியே ஆவுடை" என்று அங்கிருந்தே பிடித்துவிடுவார். முப்பது வருசம் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நார் நீளம் பார்த்துத் தரம் சொன்னவருக்குக் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை. இன்று உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. அசந்துவிட்டார் போலிருக்கிறது என்று இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க, "தொண்ணூத்தொம்போது" என்றாள்.

நீலக் கரை போட்ட இனாமல் தட்டில் முட்டைகளை எடுத்து வைத்து, மேலே மூடியைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் பின்வாசல் பக்கமாகத் தலையைத் திருப்பிக் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. அவள் கூப்பிட்டாள், தோளைத் தொட்டாள், மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் செய்த முதல் காரியம், கையிலிருந்த தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதுதான். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஐந்து மாதமாக மறைத்துப் பழகிய கை, அழுகை வருவதற்கு முன்னால் மறைத்துவிட்டது. அதன் பிறகுதான் அழுதாள்.

அது தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவமான வீடு. ராஜபாளையத்தில் அந்தத் தெருவே அப்படித்தான், கடைசி வீட்டுத் தங்கபாயைத் தவிர. ஆவுடையம்மாள் கைப்பக்குவம் ஊரறிந்தது. அவள் வைக்கும் புளிக்குழம்பை ஆள் விட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவளை, பஞ்சுத் தூசி அரித்த நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரே வார்த்தையில் ஒன்றும் தெரியாதவளாக்கிவிட்டார். பருப்பு செரிக்கவில்லை, பால் கோழை கட்டுகிறது, உடம்பில் சத்தே இல்லை, தினமும் காலையில் இரண்டு முட்டை கொடுங்கள் என்றார். ஆவுடையம்மாள் முட்டையைக் கையால் தொட்டது கூடக் கிடையாது.

முதல் நாள் நடந்த கூத்தை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும். இரண்டு முட்டையையும் மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கொதிக்கிற பானையில் போட்டாள். வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கிழங்கு வெந்தால் இளகும், பயறு வெந்தால் மசியும், அவள் அறிந்த உலகத்தில் வெந்தது எல்லாம் மெத்தென்று ஆகும். அந்தக் கணக்கிலேயே முட்டையைக் கரண்டியால் அமுக்கிப் பார்ப்பதும், இன்னும் கல் மாதிரி இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றுவதுமாக ஒரு மணி நேரம் வேக வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கபாய்க்குப் பொறுக்க முடியவில்லை. "அது வேக வேக இறுகுமே தவிர இளகாதுக்கா" என்று சொல்லிவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தே விட்டாள்.

சட்டி காய்ந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். ஒரு கரண்டி நல்லெண்ணெய், நாலு சின்ன வெங்காயம் பொடிசாக அரிந்து போட வேண்டும். முட்டையைச் சட்டியிலேயே உடைக்காமல் தனிக் கிண்ணத்தில் உடைத்து, நல்லதுதானா என்று பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். உப்பு, தட்டிய மிளகு, ஒரு மூடி, நூறு எண்ணிக்கை. அவ்வளவுதான், சின்னப் பிள்ளை கூடச் செய்துவிடும் என்றாள் தங்கபாய். எதைச் செய்தாலும் பெருங்காயம் போட்டுப் பழகிய கை முதல் வாரம் பெருங்காயத்தைத் தேடியது, அது வேறு கதை.

பிரமநாயகம் முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு கசாயம் குடிப்பதுபோல் விழுங்கினார். பத்தாம் நாள், "மிளகு இன்னும் கொஞ்சம் போட்டா தேவலை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். இரண்டாம் மாதம் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய அக்காள் பிச்சையம்மாள் மாதம் ஒரு நாள் பாசிப்பயறு உருண்டையும் எடுத்துக்கொண்டு தம்பியைப் பார்க்க வருவாள். அன்று மட்டும் சட்டியும் தட்டும் தவிட்டுப் பானையிலிருக்கும் முட்டைகளும் தங்கபாய் வீட்டுக்குக் குடி போய்விடும்.

பிச்சையம்மாள் என்றால் அப்படி. தாயில்லாத தம்பியைத் தன் பத்து வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புருசன் போன பிறகு வெங்காயத்தையும் விட்டவள். குடிக்கிற தண்ணீரைக் கூடச் சொம்பில் கொண்டு வருகிறவள். தெருமுனையிலேயே யார் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று சொல்லிவிடும் மூக்கு அவளுக்கு.

அந்தப் பிச்சையம்மாள் சாவுச் சேதி கேட்டுப் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதற்குள் அவரை முன்கட்டுக்குக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பிச்சையம்மாள் பெரிதாக அழவில்லை. தம்பியின் நெற்றியில் திருநீறு பூசி, கலைந்திருந்த முடியை உள்ளங்கையால் ஒதுக்கிவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வியை அவளும் கேட்டாள்.

"கடைசியா என்ன குடுத்த?"

"பாலு, மதினி."

"இறங்குச்சா?"

"இறங்குச்சு."

சொன்னது பொய். பாலும் இல்லை, பச்சைத் தண்ணீரும் இல்லை. காலையில் அவர் சொன்னது அப்போதிருந்து அவள் காதிலேயே கிடந்தது. "இன்னைக்கு முட்டை வேண்டாம் ஆவுடை. செத்த நேரம் பக்கத்துல இரு" என்றார். சாப்பிட்டால்தானே தெம்பு வரும், இதோ வந்துவிட்டேன் என்று சொல்லி அவர் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுப் போனாள். எதிர்த்துப் பேசுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

பெண்கள் வருவதும் கட்டிப் பிடித்து அழுவதும் போவதுமாக இருந்தார்கள். ஊதுபத்திப் புகைக்கு நடுவிலும் ஆவுடையம்மாளுக்கு மிளகு வாசம் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் அந்தத் தட்டு இருக்கிறது. தங்கபாயிடம் கண்ணைக் காட்டலாம் என்றால் அவள் வாசலோடு நின்றிருந்தாள். அந்தத் தெருப் பெண்கள் இருக்கும்போது அவள் உள்ளே வருவதில்லை. எழுந்து போகலாம் என்றால் புருசன் உடம்பை விட்டு எழுந்திருக்க விடமாட்டார்கள். மதினி கையில் அது கிடைத்தால் என்ன ஆகும்? இவளை ஏசினால் போகட்டும், வாங்கிக்கொள்ளலாம். போனவரை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது, சாகப் போகிற நேரத்தில் ஆசாரத்தை விட்டான் என்று அவர் பெயரில் ஒரு குறை வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குப் பயம்.

மதியம் குளிப்பாட்டுவதற்கு முன் கோடி வேட்டி எங்கே என்று கேட்டார்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. ஆவுடையம்மாள் எழுவதற்குள் பிச்சையம்மாள், நீ இரு என்று தோளை அமுக்கிவிட்டு உள்ளே போனாள். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒரு வேட்டியை எடுக்க இவ்வளவு நேரமா என்று இவள் உள்ளறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்துப் பிச்சையம்மாள் வேட்டியோடு வந்தாள். யாரையும் பார்க்காமல் மடிப்பைப் பிரித்துத் தம்பியின் காலடியில் வைத்துவிட்டு, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பிள்ளை இல்லாததால் பங்காளி வீட்டுப் பையன் கொள்ளிச் சட்டி தூக்கினான். தெரு திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாளைப் பெண்கள் கூட்டிக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத்தோடு அவள் நேரே உள்ளறைக்கு ஓடினாள். கட்டிலை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். தரை கழுவி ஈரமாகக் கிடந்தது. தட்டு இல்லை.

பின்வாசல் தாழ்வாரத்தில் பிச்சையம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாம்பலும் புளியும் கிடந்தன. இரும்புச் சட்டி தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வீட்டுப் பாத்திரங்களோடு பாத்திரமாக அந்த நீலக் கரைத் தட்டும் கவிழ்ந்திருந்தது.

ஆவுடையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சொன்னார் என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்ட்டி" என்றாள் பிச்சையம்மாள். "மாசாமாசம் வாரேன், என் மூக்கு என்ன செத்தா போச்சு? அவனுக்குக் கன்னத்துல சதை வச்சிருந்துச்சு. அதான் கேக்கல."

ஆவுடையம்மாள் அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள்.

"அதுல இருந்ததச் சுவத்து மேல வச்சேன். காக்கா எடுத்துட்டுப் போயிருச்சு" என்றாள் பிச்சையம்மாள் மறுபடி. வெங்காயத்தைக் கூடத் தொடாதவள் அதைக் கையால் எடுத்து வைத்திருக்கிறாள். அவள் விரல்களையே இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலு குடுத்தேன்னு சொன்னது பொய்யி மதினி. ஒண்ணுமே குடுக்கல. பக்கத்துல இருன்னு சொன்னாவ. நான் கேக்கல, முட்டை போட வந்துட்டேன். முப்பத்தி நாலு எண்ணும்போது இருமல் நின்னுச்சு. நான் பாட்டுக்கு நூறு வரைக்கும் எண்ணிக்கிட்டு இருந்தேன். அவிய தனியாப் போயிட்டாவ."

இதைச் சொல்லி முடித்ததும் காலையிலிருந்து வராத அழுகை வந்தது. காலையில் அழுதது வேறு, இது வேறு. பிச்சையம்மாள் அழ விட்டாள். கையிலிருந்த சாம்பலைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள்.

"சத்தமாவா எண்ணுவ?"

"ஆமா. அவியளுக்குக் கேக்கணும்ல."

"அப்பத் தனியா எங்கட்டி போனான்?"

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கபாய் கோழிகளைக் கூப்பிட்டு அடைத்துக்கொண்டிருந்தாள்.

போனவர்கள் திரும்பி வந்து, வாசலில் கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். பங்காளி வீட்டிலிருந்து சோறும் ரசமும் பருப்புத் துவையலும் வந்தன. வேண்டாம் வேண்டாம் என்ற ஆவுடையம்மாளை யாரோ பிடித்து உட்கார வைத்தார்கள். வரிசையாக இலை போட்டுக்கொண்டு வந்த பெண் பிச்சையம்மாள் முன்னாலும் ஓர் இலையை விரித்தாள்.

பிச்சையம்மாள் அந்த இலையை மடக்கி ஓரமாக வைத்தாள். எழுந்து பின்வாசலுக்குப் போனாள். திரும்பி வந்து ஆவுடையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கழுவிய ஈரம் காயாத அந்த நீலக் கரைத் தட்டைத் தன் முன்னால் வைத்து, சோறு போடச் சொன்னாள்.