ஐந்தாம் அடியில் விழும் ஊசி

பதினான்காம் எண் இயந்திரத்தில் வளைந்த ஊசி முப்பத்தொரு மணி நேரம் ஓடியது. தொழிற்சாலை கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தில் ‘ஒரு நாளுக்கும் மேலாக’ என்று மட்டும் இருந்தது. கடிதம் யோகேஸ்வரி அக்காவின் பெயருக்கு வந்தது. அந்த இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது.

மலேசியாவின் பத்து பகாட் ஊரில் பனியன் துணி பின்னும் தொழிற்சாலை அது. வட்ட வடிவ இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான ஊசிகள். ஓர் ஊசி வளைந்தாலும் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். வெள்ளைத் துணியில் அது எளிதில் தெரியாது. சாயம் ஏறிய பிறகுதான் தெரியும். அன்றைக்குப் பதினேழு ரோல் கழிவுக்குப் போனது.

நான் அங்கே பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். இயற்பியல் பட்டதாரி. பின்னல் கூடத்திலிருந்து துணியை எடுத்துவந்து இழுத்து, கிழித்து, துவைத்து, எண்களை எழுதி வைப்பது என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

பின்னல் கூடத்தின் பழைய ஆட்கள் கெட்ட ஊசியைக் காதால் பிடிப்பார்கள். துணி கீழே இறங்கும் முன்பே நாற்பது இயந்திரங்களின் இரைச்சலுக்குள் ஒரு சின்ன ‘டிக்’ அவர்களுக்குக் கேட்டுவிடும். யோகேஸ்வரி அக்காவுக்குப் பத்தொன்பது வருடமாக அதுதான் தொழில். இந்த ஜனவரியில் எல்லோரும் காதடைப்பான் போட வேண்டும் என்று விதி வந்தது. காதுக்கு நல்லதுதான். ஆனால் ஊசியைக் கண்டுபிடிக்க வேறு வழி எதுவும் யாரும் செய்து தரவில்லை.

“காதை அடைச்சு வச்சிட்டு, ஏன் கேக்கலன்னு லெட்டர் குடுக்குறாங்க,” என்றார் அக்கா. “கண்ணைக் கட்டிட்டு கார் ஓட்டச் சொல்லி சம்மன் குடுக்குற மாதிரி லா.”

அது அவருக்கு இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

ஏழு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், அவருடைய காரில் ஜொகூர் பாருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் உலு திராமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார், என்னை வழியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு.

“எங்க இறங்கணும்?”

“ஒரு காப்பிக் கடை மாடி, அக்கா. இசையப் பத்திப் பேசுறாங்க.”

“என்ன இசை?”

“டெக்னோ.”

“அது என்னா?”

சொல்ல எனக்கு ஆசை. வாய் வரவில்லை. “டான்ஸ் மியூசிக்,” என்றேன்.

“நீ டான்ஸ் ஆடுவியா?” சிரித்தார். “அலமாக்! சாப்பாட்டு ரூமுல தட்டத் தூக்கிட்டு நடக்கவே வெக்கப்படுவ. நானும் வரேன். இதப் பாக்காம தங்கச்சி வீட்டுல போய் என்ன பண்ணப்போறேன்?”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு ஒரு காரணம் கூச்சம். இன்னொரு காரணம், அங்கே பேசப்போகும், ஏற்கெனவே வெளியாகியிருந்த பாட்டில் ஊசியின் ஓசை இல்லை, அக்காவுக்கு அடையாளம் தெரியாது.

அந்தப் பாட்டு நான் செய்தது. பதினான்காம் இயந்திரத்தின் ஓசையைக் கைப்பேசியில் பதிந்து, வீட்டில் மூன்று வாரம் உட்கார்ந்து அமைத்தேன். ஸ்கூடாயில் படித்தபோது எனக்கு மூத்தவர் செல்வா. இப்போது ஜொகூர் பாருவில் டிஜே. டெக்னோ என்றால் அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கருத்துக் கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. பதினொரு நாள் கழித்து என் பாட்டு அவர் பெயரில் இணையத்தில் வந்தது. ஊசியை மட்டும் துடைத்து எடுத்திருந்தார்.

கேட்டேன். எழுத்தில்தான் கேட்டேன், எனக்கு அதுதான் வரும். அவர் குரல்பதிவாகப் பதில் அனுப்பினார்: “பிரவீனா, நீ ஃபேக்டரிக்குள்ள போன் வச்சு எடுத்த சத்தம் அது. உன் பேர் போட்டா உனக்குத்தான் பிரச்சன. நான் உன்னக் காப்பாத்துறேன் மா.”

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் காது சுட்டது. திங்கட்கிழமை, அதாவது மறுநாள், அந்தப் பாட்டு சிங்கப்பூருக்குப் போகிறது. ஓர் இசைத்தட்டுத் தொகுப்பில் அச்சாகும். அச்சானபின் என் பெயரும் வராது, ஊசியும் வராது. அதை நிறுத்தச் சொல்லத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் கறுப்புச் சட்டை. கடை முதலாளி ஹாரூன் கையில் மைக் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். செல்வா உயரமான நாற்காலியில் இருந்தார். நானும் அக்காவும் கடைசி வரிசை.

“பாஸ், நேராவே கேக்குறேன்,” என்றார் ஹாரூன். “டெக்னோன்னா என்ன? எங்க அத்தா கேட்டா, ஒர்க்‌ஷாப்புல சுத்தியல் அடிக்கிற மாதிரி இருக்குங்கிறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அதிகமாகச் சிரித்தார்.

“டெக்னோன்னா ஒரு ஃபீல், ப்ரோ,” என்றார் செல்வா. “டார்க். ஸ்பீட். கேள்வி கேக்காத, ஆடு. அவ்வளவுதான்.”

“அப்ப அதுல பரிசோதனைன்னு ஒண்ணும் இல்லியா? மத்த டான்ஸ் மியூசிக்ல எல்லாம் ஏதாச்சும் நடக்குது. ட்ரம் அண்ட் பேஸ்ல தாளத்தையே ஒடைக்கிறாங்க. டெக்னோல டொம் டொம் டொம்னு ஒரே அடி.”

“உண்மையச் சொல்லணும்னா, அதிகம் இல்ல. டெக்னோ ஒரு ஃபார்முலா. நல்லா க்ளீனா செஞ்சா வேல செய்யும்.”

கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஃபார்முலா. கார் தொழிற்சாலைகள் ஓய்ந்துகொண்டிருந்த டெட்ராய்ட் நகரத்தில் சில கறுப்பின இளைஞர்கள், மற்றவர்கள் ஒதுக்கிய மலிவான தாளப் பெட்டிகளை வைத்துக்கொண்டு, நாளைக்கு இசை எப்படி இருக்கும் என்று தேடினார்கள். அதைத்தான் இவர் ஃபார்முலா என்றார். சோதனை என்ற சொல்லை இந்த மாடியில் எல்லோரும் விசித்திரம் என்ற பொருளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் செய்யும் சோதனையில் விசித்திரம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் மாறாமல் பிடித்து வை. ஒன்றை மட்டும் மாற்று. என்ன ஆகிறது என்று பார். டெக்னோ செய்வது அதைத்தான். ஹவுஸ் இசை குரலும் சுதியும் கொடுத்து அணைத்துக்கொள்ளும். டிரான்ஸ் மேலே ஏற்றிக்கொண்டே போய் ஓரிடத்தில் வெடிக்கும். டெக்னோ எதையும் வாக்களிக்காது. அடி மாறாது. அதன்மேல் ஏதோ ஒன்று மட்டும் மெல்ல நகரும். பத்து நிமிடம் கழித்து, மாறியது ஓசையா கேட்பவரா என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் மாறாத அடி.

பதினான்காம் இயந்திரம் நிமிடத்துக்கு இருபத்தாறு சுற்று. நான் அடியை நிமிடத்துக்கு நூற்று முப்பதாக வைத்தேன். அப்போது ஊசி ஐந்து அடிக்கு ஒரு முறை விழும். கால் நான்கு நான்காக எண்ணும், ஊசி ஐந்து ஐந்தாக எண்ணும். ஒவ்வொரு முறையும் ஊசி வேறோர் இடத்தில் விழுந்து, இருபதாவது அடி முடிந்தபின் மறுபடி முதலடிக்கு வந்து சேரும். பாட்டில் நகரும் ஒரே பொருள் அதுதான். ஊசியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஹாரூனின் அத்தா சொன்ன சுத்தியல்.

இதையெல்லாம் ஒரு கை தூக்கிச் சொல்லியிருக்கலாம். கை மடியிலேயே இருந்தது.

“உங்க புதுப் பாட்டு நல்லாப் போகுது, சிங்கப்பூர் வரைக்கும்,” என்றார் ஹாரூன். “எப்படி செஞ்சீங்க?”

“ஒரு ஃபேக்டரி சத்தம் கெடச்சுச்சு. ரொம்ப ரஃப். நான் எப்படி க்ளீன் பண்ணேன்னு காட்றேன். இது முன்னாடி.”

மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டினார்.

என் பாட்டு ஒலித்தது. நான் அனுப்பியபடியே, முழுதாக. இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளில் அதை நான் கேட்பது அதுவே முதல் தடவை. ஊசி முதலடியில் விழுந்தது. பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில். முன்வரிசையில் ஒரு பெண்ணின் தலை ஆடத் தொடங்கி, ஊசி தவறிய இடத்தில் தயங்கி, மறுபடி ஆடியது. என் கோபம் ஒரு நொடி எங்கோ போய்விட்டது.

“இது பின்னாடி,” என்றார் செல்வா. ஊசி இல்லை. “பாத்தீங்களா? அந்த டிக் டிக் டைமிங்ல இல்ல. மிஸ்டேக். தூக்கிட்டேன்.”

பக்கத்தில் அக்கா எழுந்து நின்றிருந்தார்.

“தம்பி, அத இன்னொரு தடவ போடு.”

“எது ஆன்ட்டி?”

“மொதல்ல போட்டது. மிஸ்டேக்குன்னு சொன்னியே, அது.”

செல்வா சிரித்துக்கொண்டே போட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பின்னல் கூடத்தில் இயந்திரம் முன்னால் அவர் அப்படி நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஜனவரிக்கு முன்பு.

“இது எங்க பதினாலு,” என்றார். “ஊசி வளைஞ்ச சத்தம். பத்தொம்பது வருசமாக் கேக்குறேன், எனக்கா தெரியாது? இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?”

செல்வாவின் சிரிப்பு நின்றது. “எல்லா மெஷினும் ஒரே சத்தம்தான் ஆன்ட்டி.”

“உனக்கு ஒரே சத்தம் லா. நாப்பது மெஷின் நாப்பது சத்தம். நீ எங்க ஃபேக்டரி கேட்டு வாசலுக்காவது வந்திருக்கியா?”

கறுப்புச் சட்டைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் எழுந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

“இது என் பாட்டு,” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. ஹாரூன் வரிசைகளுக்கு நடுவே வந்து மைக்கை நீட்டினார். வாங்கினேன்.

“இது என் பாட்டு. நான்தான் செஞ்சேன். கருத்துக் கேட்டு இவருக்கு அனுப்பினேன். அந்த ஊசி தப்பு இல்ல. அஞ்சாவது அடியில விழுது. நாளைக்கு சிங்கப்பூருக்கு அனுப்பாதீங்க. அனுப்புனா என் பேரோட, ஊசியோட அனுப்புங்க.”

என் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ போல இருந்தது. முன்வரிசைப் பெண் கைதட்டினாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்துகொண்டிருந்தது. “நம்ம புள்ளயா செஞ்சுச்சு?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

“சொல்றதுக்கு யாரும் சொல்லலாம்,” என்றார் செல்வா. “ஆதாரம் இருக்கா?”

“இருக்கு.”

“காட்டு.”

கைப்பேசியை எடுத்தேன். முதல் பதிவு, வெட்டாமல், ஒட்டாமல், அப்படியே இருந்தது. ஹாரூன் குனிந்து பார்த்தார்.

“தேதி, மணி எல்லாம் இருக்கு,” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “மார்ச் மாசம், செவ்வாய்க்கிழம. காலைல ஒம்பது மணி நாலு நிமிசம். அடுத்தது புதன்கிழம மதியம். இவங்களோடதுதான், செல்வா. பேசி முடிச்சுக்குங்க.”

செல்வா மடிக்கணினியை மூடினார். அவ்வளவுதான். பாட்டு அவர் பெயரில் வந்த நாள் முதல் நான் விரும்பியது நடந்துவிட்டது. முன்வரிசைப் பெண் என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்கு அவள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

அக்காவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“செவ்வாய்க்கிழமையா?” என்றார். “புதன்கிழம சாயந்தரம்தானே மெஷின நிப்பாட்டுனாங்க?”

கடிதத்தை அவர் கைப்பையிலேயே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். மேலாளர் முன்னால் அவர் நின்றபோது நான் கதவருகே இருந்தேன். ஊசியை யார் முதலில் கண்டது என்று மேலாளர் கேட்டார். நான்தான், புதன்கிழமை நான்கு மணிக்கு, என்றேன். அதில் பொய் என்று ஒரு சொல் இல்லை. கண்டதைத்தான் கேட்டார், காதில் விழுந்ததைக் கேட்கவில்லை. அதை மறந்து செல்வா மேல் கோபப்படுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை அந்த மாடியில்தான் உணர்ந்தேன்.

“பிரவீனா,” என்றார் அக்கா. குரலில் இன்னும் கோபம் இல்லை. வராமல் இருக்க நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். “மணி தப்பா ஓடுதா உன் போன்ல?”

ஆமாம் என்றால் போதும். அவர் நம்பியிருப்பார். என் ஆதாரம் மட்டும் போயிருக்கும்.

மைக் இன்னும் என் கையில் இருந்தது. அணைக்க எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. அப்படியே பேசினேன்.

“மணி சரிதான் அக்கா. அன்னிக்கு நான் காதடைப்பானக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தேன். செவ்வாய்க்கிழம காலைல ஒம்பது மணிக்கே ஊசி எனக்குக் கேட்டுச்சு. மொதப் பதிவுல பேச்சுச் சத்தம் விழுந்திருச்சு, மறுநாளும் எடுக்கணும்னு மெஷின ஓட விட்டேன். முப்பத்தொரு மணி நேரம். எனக்குத் தெரியும், நான் சொல்லல.”