கவருக்குள் பத்துப் பாஸ்

அடையாள அட்டையில இருக்க மூஞ்சிக்கும் எதுக்க நிக்கிற மூஞ்சிக்கும் பொருந்தலைன்னா, மந்திரி மச்சானே வந்தாலும் சப்ரீன் உள்ள விடமாட்டா. மதுரை ஏர்போர்ட்டுல ஒரு விமானக் கம்பெனியோட செக்-இன் கவுண்டர்ல நாலு வருசமா நிக்கிறவ. ஒரு தாளை ரெண்டு தடவ பாக்காமக் கையவிட்டுக் குடுக்காதவ. அப்பேர்ப்பட்டவதான், இங்கிலீஷுல பொடி எழுத்துல அச்சடிச்ச ஒரு சீட்டைப் படிக்காமக் கையெழுத்துப் போட்டா. போட்டதோட விட்டாளா? ஒன்பது பிள்ளைகளையும் போட வச்சா. என்னத்தச் சொல்ல!

போன வருசம் கம்பெனி பெருசாத்தான் தம்பட்டம் அடிச்சுது. மதுரைக்கு நாலு புது பிளைட்டு வருது, துபாய்க்குப் போகுது, சிங்கப்பூருக்குப் போகுதுன்னாக. அதுக்கு ஆளு வேணும்னதும் சப்ரீன் தன் ஊருப் பக்கத்துப் பிள்ளைகளா ஒன்பது பேரைச் சேத்துவிட்டா. வத்திராயிருப்பு மாரீஸ்வரி அதுல ஒருத்தி. அவ அய்யா சங்கையா தேங்காய் லோடு ஏத்துற மனுசன். மகளை யூனிபார்முல பாத்த மறுநாளே ஒரு சாக்கு மாங்காயோட ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்தாரு. சப்ரீனோட அத்தா காதர் சைக்கிள் கடை வச்சிருக்காரு. அங்கன சாக்கை இறக்கிட்டு, "உங்க மகதான் எம்மகளுக்குப் பொறுப்பு, பாய்" அப்படின்னாரு. காதருக்குப் பெருமை தாங்கல. அந்த மாங்காயில தெருவுக்கே ஊறுகா போட்டாக.

பிளைட்டு மட்டும் வரல. தையில வருதுன்னாக, பொறவு சித்திரைன்னாக, பொறவு எஞ்சின் கிடைக்கலன்னாக. கடைசியில, வாங்குறதா வேண்டாமான்னே யோசிக்கிறாகன்னு ஒரு பேச்சு வந்துச்சு. இருக்க கவுண்டர் மூணு, நிக்கிற ஆளு பதிமூணு. யாரை எப்ப அனுப்புவாகளோன்னு பிள்ளைக தினமும் சப்ரீனைக் கேட்டாளுக.

அப்பத்தான் ஜோயல் கூப்பிட்டாரு. அவரு ட்யூட்டி மேனேஜர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரு. சப்ரீனை வேலைக்கு எடுத்தவரே அவருதான். அண்ணாச்சி, தங்கச்சின்னு பேசிக்கிடுவாக.

"பயப்படாத தங்கச்சி. பிளைட்டு வருது, உறுதியாயிருச்சு. புது ரூட்டுக்கு, ஏர்போர்ட்டுக்குள்ள நுழையுற பாஸைப் புதுசா அடிக்கணும், பழசை ஒப்படைச்சாத்தான் குடுப்பாக. உன்னோடதையும் சேத்துப் பத்துப் பேரு பாஸையும் வாங்கிரு. இந்தச் சீட்டுல ஆளுக்கொரு கையெழுத்து. ஞாயித்துக்கிழம எம்மகனுக்குச் சர்ச்சுல புதுநன்மை, வீட்டுக்கு வருவேல்லா? அப்பக் கொண்டாந்து குடு. எல்லாரும் பத்து நாளு லீவுல போயிட்டு வாங்க. பிளைட்டு வந்துட்டா தீவாளிக்குக்கூட லீவு கிடையாது, பாத்துக்க."

எம்புட்டுப் பாசம் பாருங்க!

பிள்ளைக எல்லாம் சந்தோசமாக் கழுத்துல கிடந்த பாஸைக் கழத்திக் குடுத்தாளுக. மாரீஸ்வரி மட்டும் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு உதட்டை அசைச்சு அசைச்சுப் படிச்சா.

"அக்கா, பாஸை யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு ட்ரெய்னிங்ல சொன்னாகளே?"

"ஏட்டி, எங்கிட்டத்தான குடுக்க? எங்கையில இருக்கும், பயப்படாத."

"இதுல என்னமோ எழுதியிருக்குக்கா..."

"நான் படிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல, போடு."

படிக்கல. ஜோயல் அண்ணாச்சி குடுத்ததை எதுக்குப் படிக்கணும்னு இருந்துட்டா. பொய்யுன்னுகூட அது அவளுக்குத் தோணல.

ஞாயித்துக்கிழம பட்டுத் தாவணி போட்டுக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனா. ஜோயல் வீட்டு வாசல்ல பந்தல். மகன் வெள்ளைக் கோட்டு போட்டு மெழுகுவத்தியோட நின்னான். பாஸும் சீட்டும் போட்டு வச்சிருந்த பழுப்புக் கவரை ஜோயல் ரெண்டு கையாலயும் வாங்கினாரு. "நீ இல்லன்னா இது நடக்காது தங்கச்சி"ன்னாரு. அவரு சம்சாரம் ஷெரின் மதினி இலை போட்டு, போதும் போதும்னாலும் விடாமக் கறியை அள்ளி வச்சா. சப்ரீன் சாப்பிட்டுட்டு ராஜபாளையம் பஸ்ல ஏறி உக்காந்தா.

பஸ்ஸு பாதி வழியில மில் ஸ்டாப்புல நிக்கையில போன் சிணுங்குச்சு. கம்பெனி மெயில்.

'உங்கள் விருப்ப விலகலை ஏற்றுக்கொண்டோம். பாஸ் ஒப்படைக்கப்பட்டது. உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.'

வேற யாருக்கோ வந்ததுன்னுதான் முதல்ல நெனச்சா. மேல அவ பேரு, அவ நம்பரு. சீட்டு அச்சடிச்ச அன்னைக்கே இந்த மெயிலும் தயாராத்தான் இருந்திருக்கும்னு அப்புறம்தான் உறைச்சுது. 'யாத்தே'ன்னு வாய்விட்டு அலறிட்டா. நகந்த பஸ்ஸை நிப்பாட்டி இறங்கி, ரோட்டைக் கடந்து, எதுக்க வந்த பஸ்ஸுல ஏறுனா. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டானே பாவின்னு நெஞ்சு கொதிச்சுது. அழுகை வரல. அம்புட்டு ஆத்திரம்.

பந்தல்ல இன்னும் பந்தி நடந்துக்கிட்டிருந்துச்சு. ஷெரின்தான் முதல்ல பாத்தா.

"என்ன சப்ரீன், எதையும் மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?"

"அண்ணாச்சி எங்க மதினி?"

குரலைக் கேட்டதுமே ஜோயலுக்குப் புரிஞ்சுபோச்சு. வேகமா வந்து அவளை அடுப்படிப் பக்கம் கூட்டிட்டுப் போனாரு.

"கத்தாத தங்கச்சி. புள்ள விசேசம்."

"சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

ஜோயல் பந்தல் பக்கம் திரும்பிப் பாத்தாரு.

"வாயத் திறங்க அண்ணாச்சி!"

"சொந்த விருப்பத்துல விலகிக்கிடுதேன்னு எழுதியிருந்துச்சு." அவரு தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "பிளைட்டு வராது. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். கம்பெனியா நிப்பாட்டுனா லேபர் ஆபீஸு, பேப்பருன்னு நாறிப்போகும். இப்பிடின்னா சத்தமில்லாம முடிஞ்சிரும்னாக. எம்பேரும் லிஸ்ட்ல இருந்துச்சு. இந்தப் பத்தையும் முடிச்சுக் குடுத்தா என்னைய வச்சுக்கிடுதோம்னாக. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா?"

"வாங்குறதுன்னா நீங்களே அவளுககிட்ட வாங்கியிருக்க வேண்டியதுதான? என்னைய ஏன் அனுப்புனீக?"

ஜோயல் குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"நான் நீட்டுனா படிச்சுப் பாப்பாளுக. நீ நீட்டுனா படிக்கமாட்டாளுக."

வேலை போனதுகூட அம்புட்டு வலிக்கல. இது வலிச்சுது. நாலு வருசமாத் தங்கச்சி தங்கச்சின்னு வளத்தது இதுக்குத்தானா? அவ விறுவிறுன்னு உள்ள போனா. பிரிட்ஜு மேல கேக்குப் பெட்டிக்குப் பக்கத்துல அந்தக் கவரு கிடந்துச்சு. எடுத்து நெஞ்சோட பிடிச்சுக்கிட்டா. ஜோயல் தடுக்கல.

"எடுத்துட்டுப் போ. நீ வாசல்படி இறங்குன ஒடனே சீட்டையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்."

அந்நேரம் பாத்துப் போன் அடிச்சுது. மாரீஸ்வரி. சப்ரீன் ஸ்பீக்கர்ல போட்டா.

"அக்கா, என்னமோ மெயிலு வந்திருக்குக்கா, ராஜினாமாங்கான். எங்கய்யா பதறிட்டாரு. தப்பா வந்திருக்கும்யா, பாஸு சப்ரீனக்கா கையிலதான் இருக்கு, அக்கா பாத்துக்கிடும்னு சொல்லியிருக்கேன். பாஸு உங்க கையிலதான இருக்கு?"

சப்ரீன் போனை ஜோயல் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

பந்தல்ல இருந்து யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டாக. ஜோயல் கைக்குட்டையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வெளிய போனாரு. மகன் தோள்ல கையப் போட்டு, கேமராவப் பாத்துச் சிரிச்சாரு.

"அக்கா? லைன்ல இருக்கீகளா?"

"பாஸு எங்கையிலதான் இருக்கு மாரி." போனைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டா சப்ரீன். "நீ கையெழுத்துப் போட்டேல்லா, ஒரு சீட்டு, அதுதான்டி ராஜினாமா. நாந்தான் கொண்டாந்து குடுத்தேன். அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது. என்னையும் ஏமாத்திட்டாக. எனக்கும் வேலை போச்சு."

அந்தப் பக்கம் பின்னாடி சங்கையா, "என்னம்மா சொல்லுது அந்தப் புள்ள?"ன்னு கேக்குறது மட்டும் காதுல விழுந்துச்சு.

பொறவு மாரீஸ்வரி மெதுவாக் கேட்டா.

"படிச்சுப் பாத்துட்டேன்னு சொன்னீகளேக்கா?"